கையில் ஊதாச் சாயம் ஒட்டிய கறுப்புக் கடற்பஞ்சு

கேள்வி: ராமநாதபுரம் மாவட்டத்தில் கடலோர ஊர்ப் பள்ளி ஒன்றில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். போன மாதம் பௌர்ணமிக்கு மறுநாள், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை மண்டபம் பக்கம் வடகடல் (பாக் விரிகுடா) கரைக்கு அழைத்துப்போயிருந்தேன். கடல் நன்றாக வற்றியிருந்தது. முழங்கால் தண்ணீரில், செத்த பவளத் துண்டுகளின்மேல், கரிக்கட்டையை அடுக்கி வைத்த மாதிரி கறுப்பாக ஒன்று விரல் விரலாக வளர்ந்திருந்தது. ஒரு மாணவி அதை அமுக்கிப் பார்த்தாள். கையெல்லாம் ஊதாச் சாயம், வழவழவென்று. அரிப்பு எதுவும் இல்லை. சற்றுத் தள்ளி ஆரஞ்சு நிறத்தில் மெத்தென்று இருந்த இன்னொன்றைத் தொட்ட பையனுக்கு மட்டும் சாயங்காலம் வரை விரல் எரிந்து தடித்திருந்தது. கறுப்பு நிறத்தில் ஒரு கடற்பஞ்சு பவளப்பாறைகளைக் கொல்கிறது என்று செய்தித்தாளில் படித்த நினைவு. நாங்கள் பார்த்தது அதுதானா? அதன் பெயர் என்ன? பள்ளி ஆய்வகத்தில் ஒரு துண்டை வைத்துக்கொள்ளலாமா? ஐந்து படங்கள் இணைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு, வணக்கம்.

முதலில் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். நீங்கள் பார்த்தது பவளத்தைக் கொல்லும் அந்தக் கடற்பஞ்சு அல்ல. பெரும்பாலும் அது இயோட்ரோகோட்டா பாகுலிஃபெரா என்ற இனம். இந்தியப் பெருங்கடலிலும் மேற்குப் பசிபிக்கிலும் வெப்பக் கரையோரங்களில், ஆழமில்லாத இடங்களில் சாதாரணமாகக் கிடைக்கும். நம் மன்னார் வளைகுடாவுக்கும் பாக் விரிகுடாவுக்கும் பழைய குடி. ‘பெரும்பாலும்’ என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்தச் சொல்லை எடுத்துவிடும் வேலையை உங்கள் பள்ளி நுண்ணோக்கியே செய்யும். அதற்குக் கீழே வருகிறேன்.

ஊதாச் சாயம் என்றதும் எனக்கு முதலில் எழுந்த சந்தேகம், அது கடற்பஞ்சுதானா என்பது. இந்தக் கரையில் ஊதா கக்கும் பிராணிகள் இன்னும் இரண்டு இருக்கின்றன. கறுப்புக் கடலட்டை ஒன்று உண்டு. மேலெல்லாம் மணலைப் பூசிக்கொண்டு கிடக்கும். அதன் தோலைத் தேய்த்தால் செவ்வூதாச் சாயம் கையில் ஒட்டும். கடல் முயல் என்கிற ஓடில்லாத நத்தை, சீண்டினால் ஊதா மையைத் தண்ணீரில் பீய்ச்சும். உங்கள் மூன்றாவது படத்தைப் பார்த்த பிறகுதான் சந்தேகம் போயிற்று. விரல்களின் ஓரமாக ஊசி நுழையும் அளவுக்குத் துளைகள் தெரிகின்றன. பாடப்புத்தகத்தில் ஆஸ்குலம் என்று சொல்லிக்கொடுக்கிறோமே, தண்ணீர் வெளியேறும் வாய், அவைதான். கடலட்டையைத் தொட்டால் சுருங்கும். கடல் முயல் நகரும். கடற்பஞ்சுக்குத் தசையும் கிடையாது, நரம்பும் கிடையாது. அமுக்கினால் அமுங்கும், விட்டால் மெல்ல எழும். அந்த மாணவி தெரியாமல் செய்த சோதனை நல்ல சோதனைதான், அடுத்த முறை கையுறையோடு செய்யட்டும்.

சரி, கடற்பஞ்சு என்றே வைத்துக்கொள்வோம். எந்தக் கடற்பஞ்சு?

இங்கேதான் எல்லாரும் நிறத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள். எனக்கு வரும் கடிதங்களில் முக்கால்வாசி ‘சிவப்புக் கடற்பஞ்சு’, ‘நீலக் கடற்பஞ்சு’ என்றுதான் தொடங்கும். கண்ணில் முதலில் படுவது நிறம் என்பதால் அது இயல்பு. ஆனால் ஒரே இனம் வெயில் படும் இடத்தில் ஒரு நிறத்திலும், கல்லின் அடியில் நிழலில் வெளிறியும் இருக்கும். ஸ்பிரிட்டில் போட்டால் பெரும்பாலானவை ஒரே மாதிரி பழுப்பாகிவிடும். இன்னொரு விசேஷமும் உண்டு. சூடோசெராட்டினா என்றொரு கடற்பஞ்சு நம் கடலில் இருக்கிறது. உயிரோடு இருக்கும்போது மஞ்சள். கரையில் ஒதுங்கிக் காற்றுப் பட்டதும், நறுக்கிய வாழைக்காய் கறுப்பது போல, கறுத்து ஊதாவாகிவிடும். பல வருடங்களுக்கு முன் ஒரு வாடைக்காலத்தில் கரையில் ஒதுங்கிக் கிடந்த ஒரு கறுப்புக் கட்டியைப் பார்த்த மாத்திரத்தில் இயோட்ரோகோட்டா என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டேன். ஆய்வகத்தில் கரைத்துப் பார்த்தால் ஒரு நுண்முள்கூட (கடற்பஞ்சின் உடலை எலும்புக்கூடு போலத் தாங்கும் நுண்ணிய ஊசி) இல்லை. வெறும் நார். சூடோசெராட்டினாவுக்கு நுண்முள்ளே கிடையாது. அன்றிலிருந்து கரையில் ஒதுங்கிய எதற்கும் நிறத்தை வைத்துப் பெயர் எழுதுவதில்லை. உங்களுடையது தண்ணீருக்குள் உயிரோடு இருக்கும்போதே கறுப்பு என்பதால் இந்தக் குழப்பம் இல்லை.

நிறத்துக்கு அடுத்தபடியாகத் தொட்டால் எப்படி இருக்கிறது, பிய்த்தால் எப்படிப் பிய்கிறது, என்ன வாடை அடிக்கிறது என்பவை அதிகம் பேசும். இர்சினியா என்ற கடற்பஞ்சும் கறுப்பாக வரும். ஆனால் அது தோல் செருப்பு மாதிரி. கையால் கிழிக்க முடியாது, கத்தரிக்கோலே திணறும். தண்ணீரிலிருந்து எடுத்தால் அழுகிய பூண்டு போல ஒரு நாற்றம், பக்கத்தில் நிற்க முடியாது. உங்கள் கடிதத்தில் நாற்றம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அத்தனை பிள்ளைகள் நின்ற இடத்தில் இர்சினியா இருந்திருந்தால் அதைத்தான் முதலில் எழுதியிருப்பீர்கள். இயோட்ரோகோட்டா மெத்தென்றிருக்கும், மேற்பரப்பு சீராக இருக்காது, சின்னச் சின்ன முனைகளாக எழும்பியிருக்கும், அமுக்கினால் கோழையோடு ஊதாச் சாயம் வரும். மேலே மண் படிந்து பல சமயம் சாம்பல் பூத்த மாதிரி தெரியும். உங்கள் விவரிப்பு இதற்கு வரிக்கு வரி பொருந்துகிறது.

இனி நீங்கள் செய்தித்தாளில் படித்த கறுப்புக் கடற்பஞ்சு. அதன் பெயர் டெர்பியோஸ் ஹோஷினோட்டா. பசிபிக்கில் குவாம் தீவில் 1970-களின் தொடக்கத்தில் கவனத்துக்கு வந்தது. பிறகு ஜப்பானின் தெற்குத் தீவுகளில் பெருகியது. 1993-இல் ரூட்ஸ்லர், மூசிக் என்ற இருவர் அதற்கு அறிவியல் பெயர் வைத்தார்கள். கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் நம் பாக் விரிகுடாவிலும் அது இருப்பது பதிவாகியிருக்கிறது. ஆகவே நீங்கள் கவலைப்பட்டதில் நியாயம் உண்டு. அந்தக் கவலை உங்களுக்கு இருப்பதே எனக்கு மகிழ்ச்சி.

ஆனால் அதன் உருவமே வேறு. டெர்பியோஸ் விரல் விரலாக எழும்பாது. ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது; பவளத்தின்மேல் யாரோ சாம்பலும் கறுப்பும் கலந்த பெயின்டைப் பூசிவிட்ட மாதிரி படர்ந்திருக்கும். பவளத்தின் பூப்பூவான குழிகள்கூட அந்தப் படலத்துக்கு அடியில் தெரியும், அவ்வளவு மெல்லிசு. உற்றுப் பார்த்தால் ஆங்காங்கே ஒரு சின்னத் துளையும், அதிலிருந்து நட்சத்திரம் போல நாலா பக்கமும் பிரியும் கோடுகளும் இருக்கும். உள்ளே கோடிக்கணக்கான நீலப்பச்சைப் பாசி குடியிருக்கிறது. அந்தக் கறுப்பு நிறத்தில் பெரும்பங்கு அதனுடையது. உயிருள்ள பவளத்தின் விளிம்பைப் பிடித்து, மாதத்துக்கு இரண்டு சென்டிமீட்டர் போல முன்னேறி, அடியிலிருக்கும் பவளத்தை மூச்சுமுட்ட வைத்துவிடும். குவாமில் தொடங்கி ஆராய்ச்சியாளர்கள் இதைத்தான் கறுப்பு நோய் என்று பேசுகிறார்கள். நோய்க்கிருமி எதுவும் அல்ல, ஒரு கடற்பஞ்சு.

உங்கள் படத்தில் இருப்பதோ உள்ளங்கை உயரத்துக்கு எழும்பிய விரல்கள். அடியில் கிடப்பது எப்போதோ செத்துப் பாசி படிந்த பவளத் துண்டு. அதைக் கொன்றது உங்கள் கடற்பஞ்சு அல்ல. செத்த பவளத்தில் இடம் பிடித்து, சிதறிக் கிடக்கும் துண்டுகளைச் சேர்த்துப் பிடித்து, சின்ன நண்டுக்கும் இறாலுக்கும் இடம் கொடுத்து வாழ்கிற சாதுவான ஜீவன் அது. உங்கள் பிள்ளைகளிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள். ‘கறுப்பாக இருக்கிறது, பவளத்தைக் கொல்கிறது’ என்று யாராவது அதைப் பிடுங்கி எறிந்துவிடக் கூடாது. அப்படி நடந்ததை நான் பார்த்திருக்கிறேன், நல்லெண்ணத்தோடுதான் செய்தார்கள். அடுத்த முறை போகும்போது உயிருள்ள பவளத்தின்மேல் பெயின்டைப் போன்ற மெல்லிய கறுப்புப் படலம் தெரிந்தால் அதையும் சுரண்ட வேண்டாம். சுரண்டினால் பிய்ந்த துணுக்குகள் வேறிடத்தில் ஒட்டி வளரக்கூடும். படம் எடுத்து, இடத்தைக் குறித்து, வனத்துறைக்குத் தெரிவியுங்கள்.

அந்தப் பையனின் விரல் பற்றி. ஆரஞ்சு நிறத்தில் மெத்தென்றிருந்தது, எரிந்தது என்கிறீர்கள். டெடானியா வகைதான் என் முதல் சந்தேகம். தீக்கடற்பஞ்சு என்று சொல்லத் தகுந்தது. அதன் ரசாயனமும் கண்ணாடி ஊசி போன்ற நுண்முட்களும் சேர்ந்துதான் அந்த எரிச்சல். அப்படிப் பட்டுவிட்டால் முதலில் தேய்க்கக் கூடாது. தேய்த்தால் முள் உள்ளே போகும். மருந்துக்கடையில் விற்கும் ஒட்டுப் பிளாஸ்திரியையோ செல்லோ டேப்பையோ தோலில் ஒட்டி ஒட்டி எடுத்தால் முட்கள் அதோடு வந்துவிடும். அப்புறம் கழுவி, தண்ணீர் கலந்த வினிகரில் பத்துப் பதினைந்து நிமிடம் விரலை வைத்திருக்கலாம். வீக்கம் மறுநாளும் வடியாவிட்டால், அல்லது கொப்புளம் வந்தால், டாக்டரிடம் போய்விட வேண்டும். மூச்சுத் திணறலோ முகம் வீங்குவதோ இருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. உங்கள் மாணவிக்கு ஒட்டிய ஊதாச் சாயத்துக்கு சோப்புப் போட்டுக் கழுவினாலே போதும். இரண்டு மூன்று நாளில் தானாகப் போயிருக்கும்.

இப்போது அந்தப் ‘பெரும்பாலும்’.

கடற்பஞ்சின் பெயர் அதன் நுண்முட்களில் எழுதியிருக்கிறது. 1880-களில் சென்னை அரசு அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருந்த எட்கர் தர்ஸ்டன், நம் கடலில் சேகரித்த கடற்பஞ்சுகளை ஸ்பிரிட்டில் போட்டு இங்கிலாந்துக்கு அனுப்பினார். கடற்பஞ்சு ஆய்வாளர் ஆர்தர் டெண்டி அவற்றை ஆராய்ந்து 1887-இலும் 1889-இலும் அறிக்கை எழுதினார். பிறகு இலங்கைப் பக்கத்து முத்துப் பார்களை (முத்துச்சிப்பி விளையும் கடலடித் திட்டுகள்) ஆராய 1902-இல் விலங்கியலாளர் ஹெர்ட்மன் வந்தபோது சேகரித்தவையும் டெண்டியிடமே போயின; அந்த அறிக்கை 1905-இல் வந்தது. கப்பலேறிப் போன துண்டுகளில் நிறம் எவ்வளவு மிஞ்சியிருக்கும்? முள்ளின் வடிவம் மாறவில்லை, அதை வைத்துப் பெயர் சொன்னார்கள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் பி. ஏ. தாமஸ் 1980-களில் மன்னார் வளைகுடாவுக்கும் பாக் விரிகுடாவுக்கும் சேர்த்து 275 இனங்களைப் பட்டியலிட்டதும் இந்த முட்களைப் பார்த்துத்தான். உங்கள் கரைக்கு எதிரே அத்தனை இனங்கள் இருக்கின்றன என்பதைப் பிள்ளைகளுக்குச் சொன்னீர்களா?

செய்முறை கடினமில்லை. கொண்டைக்கடலை அளவு துண்டு போதும். கண்ணாடிச் சோதனைக் குழாயில் போட்டு, வெள்ளைத் துணிக்கு ஊற்றுகிற ப்ளீச் திரவத்தை மூழ்கும்வரை விடுங்கள். நுரைத்துக்கொண்டு சதை கரையும். இரவு முழுக்க அப்படியே வைத்தால் காலையில் அடியில் வெள்ளையாக ஒரு வண்டல் நிற்கும். அதுதான் நுண்முட்கள், மணல் துணுக்குகளும் கலந்திருக்கும், பரவாயில்லை. மேலே உள்ள திரவத்தை மெல்ல வடித்து, தண்ணீர் விட்டு, மறுபடி படிய விட்டு, நான்கைந்து முறை அலச வேண்டும். ஒவ்வொரு முறையும் அரை மணி நேரமாவது படிய விடுங்கள். பெரிய முட்கள் சீக்கிரம் அடியில் போய்விடும். நமக்கு வேண்டியவையோ மிகச் சிறியவை, அவை தண்ணீரிலேயே மிதந்துகொண்டிருக்கும். அவசரப்பட்டு வடித்தால் அடையாளச்சீட்டையே சிங்க்கில் கொட்டியது போலாகிவிடும். கடைசியாக ஒரு சொட்டைக் கண்ணாடி வில்லையில் விட்டு, காயவைத்துப் பாருங்கள். ப்ளீச்சை நீங்களே கையாளுங்கள், பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள். அதோடு வினிகரையோ வேறெந்த ஆசிட்டையோ எக்காரணம் கொண்டும் சேர்க்கக் கூடாது, குளோரின் வாயு கிளம்பும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

நுண்ணோக்கியில் முதலில் தெரிபவை நீள முட்கள், கால் மில்லிமீட்டருக்கும் குறைவான நீளம். இரண்டு வகை இருக்கும்: ஒரு முனை கூர்மையாகவும் மறுமுனை மழுங்கியும் இருப்பது ஒன்று, இரண்டு முனையும் மழுங்கி குச்சி மாதிரி இருப்பது இன்னொன்று. இவை பல கடற்பஞ்சுகளில் உண்டு, இவற்றை வைத்து எதுவும் முடிவாகாது. 40 மடங்கு வில்லைக்கு மாற்றி, வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்து, பொறுமையாகத் தேடுங்கள். ஒரு சின்னத் தண்டு, அதன் இரண்டு முனையிலும் விரித்த குடை போல ஒரு பல்வரிசை. ரத்தச் சிவப்பணுக்கள் இரண்டை ஒட்டி வைத்தால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவுதான் மொத்த நீளம். நான் அதை இரட்டைக் குடை என்று மாணவர்களுக்குச் சொல்வேன். 1884-இல் விலங்கியலாளர் ஸ்டூவர்ட் ரிட்லி இயோட்ரோகோட்டா என்ற பேரினத்தை வரையறுத்ததிலிருந்து இன்றுவரை அந்தக் குடைதான் அதன் அடையாளம். அது ஒன்றே ஒன்று கண்ணில் பட்டாலும் என் ‘பெரும்பாலும்’ போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை பார்ப்பவர்கள் கண்ணாடியில் இப்படி ஒரு வேலைப்பாடா என்று வாயடைத்துப் போவார்கள். மூளையில்லாத, நரம்பில்லாத ஓர் உயிர், கடல்நீரில் கரைந்திருக்கும் துளியூண்டு சிலிக்காவை எடுத்து அதைச் செய்திருக்கிறது.

ஒப்பிட்டுச் சொல்வதானால், டெர்பியோஸில் இந்தக் குடை கிடையாது. அதில் குண்டூசி போலத் தலையுள்ள முட்கள் மட்டும்தான். அந்தத் தலையும் உருண்டையாக இல்லாமல் மேடு மேடாக இருக்கும்.

துண்டு எங்கிருந்து எடுப்பது என்பதுதான் உங்கள் கடைசிக் கேள்வியோடு சேர்ந்த விஷயம். தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986 முதல் தேசியப் பூங்கா. அங்கிருந்து ஒரு கிளிஞ்சல்கூட எடுக்கக் கூடாது. நீங்கள் போன வடகடல் கரை அந்த எல்லைக்குள் இல்லை. அதற்காகப் பிய்த்துக்கொள்ளலாம் என்று அர்த்தமில்லை. சுண்ணாம்பு நுண்முள் கொண்ட கடற்பஞ்சுகள் அனைத்தும் 2001-லிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இருக்கின்றன. பவளங்களும் கடலட்டைகளும் அப்படியே. உங்கள் கறுப்புக் கடற்பஞ்சு சிலிக்கா வகை. ஆனால் அது ஒட்டியிருப்பது பவளத் துண்டில். செத்த பவளமானாலும் அதை எடுத்து வருவது குற்றம். ஆகவே மண்டபம் வனச்சரக அலுவலகத்தில் பள்ளியின் பெயரில் ஒரு கடிதம் கொடுத்து அனுமதி கேளுங்கள். கொண்டைக்கடலை அளவு துண்டுக்குத்தானே என்று விட்டுவிடாதீர்கள். பிள்ளைகள் பார்க்க அந்தக் கடிதத்தை எழுதுவதே ஒரு பாடம். அனுமதி கிடைத்தால் கரைவலையில் சிக்கி வந்து மணலில் கொட்டப்படுகிறவற்றிலிருந்தே துண்டு எடுத்துக்கொள்ளலாம், உயிருள்ளதைத் தொட வேண்டிய அவசியமே இருக்காது.

ஆய்வகத்துக்கு அந்த ஒரு சிறு துண்டு ஸ்பிரிட்டில் போதும். ஸ்பிரிட் ஓரிரு நாளில் கருவூதாவாக மாறும், அதுவும் இந்த இனத்தின் குணம், மாற்றி ஊற்றிக்கொள்ளுங்கள். முழுக் கடற்பஞ்சை வாளியில் போட்டுத் தூக்கி வருவதை மட்டும் செய்யாதீர்கள். தண்ணீரை விட்டு வெளியே எடுத்த உடனே அதன் நீர்க்கால்வாய்களில் காற்று புகுந்துவிடும், திரும்பக் கடலில் போட்டாலும் பல சமயம் பிழைக்காது. அழுக ஆரம்பித்தால் வாளியில் மற்றவையும் சாகும்.

அடுத்த முறை போகும்போது, அது இருக்கிற இடத்திலேயே ஒன்று செய்து காட்டுங்கள். கடல் அலையில்லாமல் தெளிந்திருக்கும் நேரமாகப் பாருங்கள். மஞ்சள்தூளைக் கடல்நீரில் மிகச் சிறிதளவு கரைத்து, பிள்ளைகள் மருந்து குடிக்கும் சொட்டுக் குழலில் எடுத்து, ஆஸ்குலத்தின் வாய்க்குப் பக்கத்தில் இரண்டு சொட்டு விடுங்கள். உள்ளே விடாதீர்கள், அருகில்தான். அந்த மஞ்சள் புகை போல மேலே தள்ளப்படுவது தெரியும். எடின்பரோவில் ராபர்ட் கிராண்ட் 1825 வாக்கில் இந்த நீரோட்டத்தை முதன்முதலாகக் கண்ணால் கண்டபோதுதான், செடியா மிருகமா என்று அதுவரை இழுபட்டுக்கொண்டிருந்த கடற்பஞ்சு பிராணி என்ற பக்கம் சாய்ந்தது. துளையுடலிகள் என்று நாம் படிக்கும் தொகுதிக்குப் பெயர் வைத்தவரும் அவரே.

படம் எடுக்கும்போது ஒரு ரூபாய் நாணயத்தை அருகில் வையுங்கள், அளவு தெரியும். மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, துளைகளுக்கு மிக அருகே ஒன்று, அது எதன்மேல் ஒட்டியிருக்கிறது என்பது தெரிய ஒன்று. இந்த முறை நீங்கள் அனுப்பிய ஐந்தில் நான்கு மேலிருந்து எடுத்தவை. பக்கவாட்டில் எடுத்த அந்த ஒரு படம் இல்லாவிட்டால், டெர்பியோஸ் அல்ல என்று இவ்வளவு உறுதியாக நான் எழுதியிருக்க முடியாது.

இரட்டைக் குடை கண்ணில் பட்டதும், படமெடுக்க வசதியில்லாவிட்டால், பார்த்த பிள்ளையையே பென்சிலால் வரையச் சொல்லி அந்தத் தாளை எனக்கு அனுப்புங்கள். குடையில் எத்தனை பல் தெரிகிறது என்று எண்ணி எழுதச் சொல்லுங்கள்.